முதல் வாளி

"வழி விடுங்கடி, முதல் வாளி வருது!"

குளிக்க வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள் தங்கும் ஹாஸ்டல் அது. அதைப் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்தான் முதல் வாளி.

குளிர்காலம் வந்ததும் ஹாஸ்டல் முதலாளி குளியலறையின் இரும்புத் தண்ணீர்த் தொட்டியில் ஹீட்டர் மாட்டவைத்தார். அன்றிலிருந்து அக்கா ஒரு வாளி பிடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் தொட்டிக் குழாய்ப் பக்கம் போக முடியாது.

"நாங்க ஷிஃப்டுக்கு ஓடணும்க்கா. நீங்க அப்புறம் குளிச்சா உடம்பு தேஞ்சா போயிடும்?" என்றாள், பட்டன் தைக்கிறவள்.

"தேயாதுடி. தள்ளி நில்லு."

"போன வாரம் காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியாமக் கிடந்தாங்களே, அப்பக்கூடச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து முதல்ல பிடிச்சாங்கடி!"

"மகாராணிக்குப் பச்சைத்தண்ணி ஒத்துக்காது போல!"

அக்கா வாளியை நிரப்பிக்கொண்டு போனாள்.

ஹீட்டரின் ஸ்விட்ச் மாடியில், முதலாளியின் அறைக்குள் இருந்தது. பெண்கள் கையில் விட்டால் கரண்ட் பில் ஏறிவிடுமாம். விடிகாலையில் அவரே எழுந்து போடுவார். போட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுவார்.

ரெண்டு நாள் போயிருக்கும். குழாயடியில் வாளி உருண்டது. அக்காவின் கை மட்டும் குழாயை விடவில்லை.

பிடித்து இழுக்கப் போன பட்டன்காரியை மற்றவர்கள் இழுத்து நிறுத்தினார்கள். மாடிக்கு ஓடி, கதவைத் தட்டி, முதலாளி எழுந்து ஸ்விட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடலை எடுத்துப் போன பிறகு முதலாளி எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

"ஈரக்கையோட அவசரப்பட்டுத் தொட்டிருக்கா. ஹீட்டர் நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. போலீஸ் கேப்பாங்க."

"எத்தனை தடவை சொன்னோம், கொஞ்சம் பொறுங்க, பொறுங்கன்னு. கேட்டாங்களா?" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

எலக்ட்ரீஷியன் ஹீட்டரைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயில் வெடிச்சு, தொட்டி பூராக் கரண்ட் இறங்கியிருக்கு சார். எர்த் ஒயர் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும். ஆள் போயிருக்க மாட்டாங்க. மாட்டின அன்னிக்கே சொன்னேன். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இப்பக் கனெக்ஷனைக் கொடுன்னீங்க."

"தெரிஞ்சவன் நீ எதுக்குய்யா மாட்டினே?"

"மாட்டியிருக்கக் கூடாது சார்." அவர் தலை நிமிரவில்லை.

"சரி விடு. இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும் பாவம்! அவ விதி, முதல் ஆளா வந்து மாட்டிக்கிட்டா."

"அவங்களுக்குத் தெரியும் சார்."

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"அன்னிக்கு நாம பேசினதை அவங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. உங்ககிட்ட வந்து எர்த் போடச் சொல்லிக் கெஞ்சினாங்களாமே? புரளி கிளப்பினா ஹீட்டரையும் கழட்டிடுவேன், உன்னையும் அனுப்பிடுவேன்னு சொன்னீங்களாம். இந்தக் குளிர்ல பொண்ணுங்க பச்சைத்தண்ணியில குளிக்கணுமேன்னு என்கிட்ட வந்து வருத்தப்பட்டாங்க."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற என்ன சொன்னாங்க?" என்றாள் பட்டன்காரி.

"சொல்லலைம்மா, கேட்டாங்க. என்னைக்காவது கரண்ட் இறங்கினா அது யாரை அடிக்கும்னு கேட்டாங்க. காலையில யாரு முதல்ல குழாயைத் தொடறாங்களோ அவங்களைன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'அப்பச் சரி'ன்னுட்டுப் போயிட்டாங்க."