கடித்த செருப்பு

சிங்காரவேலு வீட்டு அலமாரியில் இருந்த சுகர் மெஷினைப் பார்த்து, அவருடைய புதுச் செருப்பு கத்தியது.

“நேத்து ஒரு ஆணி என்னைத் துளைச்சு அவர் உள்ளங்கால்ல ஏறிடுச்சு. அவருக்குத் தெரியவே இல்ல. அதோட கடைத்தெரு முழுக்க நடந்தார். நீ என்னடான்னா சுகர் நார்மல்னு காட்டுறே! வெட்கமா இல்ல?”

மெஷினுக்கும் கோபம் வந்துவிட்டது.

“என்கிட்ட ஏன் எகிறுறே? ரெண்டு நாள் வெறும் கோதுமைக் கஞ்சியைக் குடிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் என்னைக் கையில எடுக்கிறார். நம்பரை போட்டோ பிடிச்சு மச்சானுக்கு அனுப்புறார். அன்னிக்கு மத்தியானமே ஜாங்கிரி. அப்போ என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?”

“நீ கேட்டாத்தான் சொல்லுவே. நான் கேட்காமலே சொல்றேன் பார்!” என்றது செருப்பு.

சிங்காரவேலு வந்து காலை நுழைத்தார். செருப்பு ஆத்திரம் தீர அவர் கட்டைவிரலைக் கடித்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. விடாமல் இன்னும் அழுத்திக் கடித்தது.

தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பியவர், வாசலில் நின்ற மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

“புஷ்பவல்லி, இந்தச் செருப்பு கடிக்கவே இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு.”