ஜன்னல் ஒன்று, ஓரம் ஒன்று

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போடுகிறவன் கம்பெனிக்குத் தர்மம் பண்ணுகிறான்!"

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு இப்படி அறிவித்தவரை அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோரும் 'டிக்கெட் சார்' என்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடிப் புருஷனும் பெண்டாட்டியும் தீர்ப்புக் கேட்க வந்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள்.

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு ஆகாய மார்க்கத்தில் எப்படி இவ்வளவு ஞானம் என்று யாரும் கேட்டதில்லை. நாட்டுக்கென்று இருந்ததே ஒரு குட்டி விமான கம்பெனி. வாலில் கொடி பிரமாண்டமாக இருக்கும். விமானம்தான் கொஞ்சம் சின்னது. மொத்தம் நான்கு. அதில் ஒன்று எந்நேரமும் ரிப்பேரில் படுத்திருக்கும். மிச்ச மூன்றின் ஜாதகமும் அவருக்கு அத்துப்படி.

"அப்ப என்னைக்குத்தான் சார் போடறது?" என்றான் புருஷன்.

"புதன்கிழமை காலையில தம்பி. அன்னைக்கு மந்திரியும் போகமாட்டார், வியாபாரியும் போகமாட்டார். பாதி விமானம் காத்து வாங்கும். பெட்டிக்குத் தனியா காசு கேப்பான், அதை இப்பவே கட்டிடணும். ஏர்போர்ட்ல போய்க் கட்டினா தோலை உரிச்சிடுவான். சாப்பாடு வேணுமான்னு கேப்பான், வேணாம்னு சொல்லிடு. அது சாப்பாடு இல்ல, தண்டனை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டிக்கெட் சார் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி அந்தச் சிரிப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் ரேடியோவைத் தவிர யாரும் சிரித்ததில்லை. இருந்த மூன்று நாற்காலிகளில் இரண்டின் மேல் பழைய பேப்பர் குவிந்து கிடக்கும். இவர்கள் வருவதாகச் சொன்னதும் காலையிலேயே அதையெல்லாம் எடுத்துவைத்து, நாற்காலிகளைத் துடைத்திருந்தார்.

"இன்னொரு டீ போடட்டுமாம்மா?"

"ஐயோ, இப்பதானே சார் குடிச்சோம்." அவள் புருஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "ஏங்க, நேரமாகுது."

அந்தக் கண் ஜாடை அவருக்குப் பழக்கம்தான். டிக்கெட் போடும்வரை சார், சார் என்று சுற்றிவருவார்கள். "போயிட்டு வந்து எப்படி இருந்துதுன்னு சொல்றோம் சார்" என்பார்கள். வந்தபிறகு லிஃப்டில் பார்த்தால் எல்லோருக்கும் திடீரென்று போனில் அவசர வேலை முளைக்கும்.

"இருங்க, இருங்க. முக்கியமான விஷயமே இனிமேதான்." குரலைத் தாழ்த்தினார். "சீட்டு! ஜோடியா போறவங்க பண்ற தப்பு என்ன தெரியுமா? பக்கத்துப் பக்கத்துல உக்காரறது. பண்ணவே கூடாது. வரிசையில இந்தப் பக்கம் மூணு சீட்டு, அந்தப் பக்கம் மூணு சீட்டு. உனக்கு ஜன்னல் ஒண்ணு, தம்பிக்கு நடைபாதை ஓரம் ஒண்ணு. நடுவுல இருக்கறதை விட்டுடணும்."

"நடுவுல யாராவது வந்து உக்காந்துட்டா?"

"பாதி விமானம் காலியா கிடக்கறப்போ நடு சீட்டை எவன்மா கேட்டு வாங்குவான்? ரெண்டு பக்கமும் முழங்கை இடிக்கும். மூளை கலங்கினவன்கூட வாங்கமாட்டான். ஆக, அது உங்களுக்கு இனாம். பையை வை, காலை நீட்டு, உன் இஷ்டம். நம்ம ரெண்டாம் மாடி பல் டாக்டருக்கும் அவர் சம்சாரத்துக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கேன். அதே புதன்கிழமை சாயங்காலம் அவங்க நீங்க போற ஊர்லேருந்து திரும்பி வர்றாங்க. ஜன்னல் ஒண்ணு, ஓரம் ஒண்ணு."

"பெரிய மூளைக்காரர் சார் நீங்க!"

டிக்கெட் சார் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வேகமாகவும் அவருக்குத் தட்டத் தெரியும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள். "நீங்களும் அடிக்கடி அங்க போவீங்களா சார்?"

"அங்க எனக்கு யாரும்மா இருக்காங்க? தெரிஞ்ச முகமெல்லாம் இந்தக் கட்டடத்துலதான்."

"போயிட்டு வந்து சொல்றோம் சார்."

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து மூன்று கப்பையும் கழுவினார். பேப்பர் கட்டுகளை மறுபடி நாற்காலிகளில் ஏற்றினார். கம்ப்யூட்டரை அணைக்கப் போனவர் நிறுத்தினார். இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது.

புதன்கிழமை காலை. டிக்கெட் சார் வாக்கு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. விமானம் பாதிக்குமேல் காலி. அவள் கைப்பையை நடு சீட்டில் வைத்துவிட்டு ஜன்னலில் சாய்ந்தாள். அவன் ஷூவைக் கழற்றினான்.

"சொன்ன மாதிரியே இருக்குங்க. திரும்பி வந்ததும் அவரைப் போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"பாக்கலாம். போனா லேசுல விடமாட்டாரே மனுஷன்."

"அந்தப் பையைக் கொஞ்சம் எடுக்கறியாம்மா?"

இருவரும் நிமிர்ந்தார்கள். கண்ணாடி மூக்கு நுனியில் இருக்க, இஸ்திரி போட்ட சட்டையில் டிக்கெட் சார் நின்றிருந்தார்.

"சார்! நீங்க எப்படி இங்க?"

"கடைசி நேரத்துல போட்டேன் தம்பி. இது ஒண்ணுதான் கிடைச்சுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசை வரிசையாக ஆளில்லாத இருக்கைகள்.

"நீங்க வேணா ஜன்னல்ல உக்காருங்க சார். நாங்க ரெண்டு பேரும்..."

"வேணாம்மா, எனக்கு நடுவுலதான் சௌகரியம்." இரண்டு முழங்கைகளுக்கு இடையில் தன்னைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தார். "பெல்ட்டைப் போட்டுக்கங்க. ரெண்டு மணி நேரம் இருக்கு, நிதானமா பேசலாம்."

போய் இறங்குகிற இடத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சாயங்கால விமானத்தில் பல் டாக்டருக்கும் அவர் சம்சாரத்துக்கும் நடுவில் சீட்டுப் போட்டிருந்தார்.