இன்னும் இருபத்தைந்து வருஷம்

“பள்ளிக்கூடத்தை மூடமாட்டோம். ஏரிக்கரையில் புது வீடுகள் வரும். இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு நம்ம ஊரை நம்பி இருக்கலாம்!”

நகராட்சித் திட்ட அதிகாரி ஹெல்வி பேசி முடித்ததும் மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. அவளுக்கு அதைக் கேட்கக் கூசியது.

காபி நேரத்தில், ஊருக்கு வந்து ஆறு மாதமே ஆன தம்பதி வில்லேயும் இன்காவும் அவளைத் தேடி வந்தார்கள்.

“ஹெல்சிங்கிக்கே திரும்பிடலாம்னு இருந்தோம். நீங்க பேசினதும் மனசு மாறிடுச்சு,” என்றான் வில்லே.

“அவசரப்படாதீங்க. நல்லா யோசிங்க.”

“திட்டம் போட்ட நீங்களே சொல்லியாச்சு, இனி என்ன யோசனை?” என்று சிரித்தாள் இன்கா. “போன வாரம் ஒரு வீடு பார்த்தோம். சர்ச்சுக்குப் பின்னாடி, மஞ்சள் வீடு. வாங்கிக்கிறோம்னு இப்பத்தான் தரகருக்குப் போன் பண்ணினோம்.”

ஹெல்வி கோப்பையை மேஜையில் வைத்தாள்.

“வீட்டுக்காரங்க ஹெல்சிங்கிக்குப் போறாங்களாம். யாருன்னு தரகர் சொல்லலை,” என்றான் வில்லே. “இந்த ஊரை விட்டுப் போக எப்படித்தான் மனசு வருதோ!”

ஹெல்வி தலை குனிந்துகொண்டாள்.

“பனிக்காலத்துல அந்த வாசக்கதவு இறுகிக்கும். கொஞ்சம் தூக்கித் தள்ளணும்,” என்றாள் மெல்ல. “நான் அப்படித்தான் திறக்கிறேன்.”