ஒன்றும் சொல்லாவிட்டால்

"இர்பானா, அந்தப் புகழேந்தி பண்ணி வச்ச கூத்த நீதாம்மா சரி பண்ணணும். டீஃபால்ட்டு அப்படியே இருக்கணும். உள்ள இருக்கிறதலாம் தோண்டாத, இன்னா?"

சொன்னவர் அன்புராஜ் சார். உலகளாவிய சேவை மையத்தின் தலைவர். மையம் இருப்பது பாகூரில், உரக்கடைக்கு மேல்மாடியில். யூரியா மூட்டை இறங்கும் நாட்களில் உலகமே தும்மும்.

நான்கு மணிக்குள் முடித்தால் வேலை நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடமாகத் தற்காலிகம். இர்பானாவுக்கு அதன் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். தலைமையகம் நாற்பது பைத்தான் ஃபங்ஷன்களை, ஆளுக்கொரு வேலை செய்யும் குட்டி நிரல்களை, அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றையும் இன்னொரு ஃபங்ஷனால் போர்த்த வேண்டும். உள்ளே இருப்பது தன் வேலையைச் செய்யும். மேலே இருப்பது என்ன நடந்தது என்று குறித்து வைக்கும்.

முப்பத்தொன்பது ஓடின. 'அறிவிப்பு' என்ற ஒன்று மட்டும் மூன்று மாதமாகத் தினமும் நான்கு மணிக்கு எழுந்து, ஒன்றும் செய்யாமல் படுத்துக்கொண்டது.

அதற்காகப் போன வாரம் புகழேந்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் எழுதியதைப் பார்த்ததும் இர்பானாவுக்குச் சிரிப்பு வந்தது. டீக்கடையில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தால் சர்க்கரை போட்ட டீ வரும். அதுதான் டீஃபால்ட். புகழேந்தியின் போர்வையோ உள்ளே போய், 'ஒன்றுமில்லை' என்று வாய்திறந்து கேட்டு வாங்கியது. காலி கிளாஸ் வராமல் என்ன செய்யும்?

"இது முதல் செமஸ்டர் பாடம்டி. இதுகூட தெரியாமதான் சீனியர்னு சுத்திகினு இருந்தாரா?" என்றாள், பக்கத்து நாற்காலி சுவேதாவிடம்.

இர்பானா ஒழுங்காகப் போர்த்தினாள். வந்ததை வந்தபடியே உள்ளே கொடுத்தாள். வராததைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லாத இடங்களில் உள்ளே இருப்பது எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் குறிக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள். யாரும் கேட்காதது. நிரந்தரம் ஆகப் போகிறவள் செய்ய வேண்டியதுதானே.

மூன்று ஐம்பதுக்கு ஏற்றினாள். அன்புராஜ் சார் பின்னால் நின்று கைதட்டினார். அவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். தட்டினார்கள்.

நான்கு மணி.

சொல்லாத இடங்களில் உள்ளே இருப்பது எடுத்துக்கொண்டதெல்லாம் திரையில் குறிப்பாக விழுந்தது.

கிளை: பாகூர். யாருக்கு: அனைவருக்கும். கடிதம்: பணிநீக்கம்.

பதினான்கு போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. முதலில் அன்புராஜ் சாருடையது. அகரவரிசையில் அனுப்பியிருக்கிறார்கள்.

"எனக்கும் வந்துடுச்சிடி" என்றாள் சுவேதா. திட்டுவது போலக்கூட இல்லை.

அன்புராஜ் சார் தன் கடிதத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பதவிப் பெயரைக்கூட அவர்கள் முழுதாகப் போடவில்லை போலிருக்கிறது.

இர்பானாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திரையைப் பார்த்தாள். பழைய பதிப்புகளைத் திறந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன், முதல் நாள், புகழேந்தி எழுதியது அங்கே இருந்தது. அவள் எழுதியதேதான். யாரும் கேட்காத அந்த இரண்டு வரி உட்பட.

எழுதிய நேரம் மதியம் மூன்று மணி. மூன்று நாற்பதுக்கு அதைத் தன் கையாலேயே கெடுத்து வைத்திருந்தான்.