பட்டியலில் மூன்றாவது பெயர்

தேர்தல் நன்கொடைப் பட்டியலை நகராட்சிச் சுவரில் ஒட்டிய அரை மணி நேரத்தில், தையல்காரர் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

தைக்கக் கொடுக்க வந்த கூட்டம் இல்லை. கொடுத்த துணியைத் திரும்ப வாங்க வந்த கூட்டம்.

பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. மில் முதலாளிக்குப் பத்தாயிரம். அந்த மில்லில் பாய்லர் வெடித்து நாலு பேர் வெந்து செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி இப்போது வேட்பாளர்.

"மனுஷனாய்யா நீ? செத்தவங்க சட்டையெல்லாம் நீ தைச்சதுதானே!" பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர் கத்தினார்.

தையல்காரர் அளவுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, அவரவர் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு திட்டியும் குத்துக்கல் மாதிரி நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சட்டென்று கூட்டம் வழிவிட்டது. செத்துப்போன பாய்லர்காரரின் மனைவி வந்தாள். மூன்று பிள்ளைக்காரி.

"எம் புள்ளை சட்டைத் துணியக் குடுங்க."

கொடுத்தார்.

"எம் புருஷனைக் கொன்னவனுக்குக் காசு குடுத்திருக்கீங்களே... நல்லா இருப்பீங்களா?" குரல் உடைந்தது. வேகமாகப் போய்விட்டாள்.

"நல்லாக் கேட்டம்மா!" என்றது கூட்டம்.

சாயங்காலம் அலமாரியில் ஒரு துணிகூட இல்லை. தையல்காரரின் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வெடித்தாள்.

"கடை வாடகைக்கே வழியைக் காணோம். பத்தாயிரம் எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம பணம் இல்ல. பாய்லர்காரர் சம்சாரத்தோடது."

"என்னது?"

"புருஷன் வேலை அவளுக்கு வேணும்னா நன்கொடை குடுக்கணும்னுட்டான் மேனேஜர். மில்லு ஆளுங்க பேர்ல ரசீது போட்டா வெளியில அசிங்கமாம். வேற யார் பேராவது கொண்டுவான்னுட்டான். புருஷன் செத்ததுக்கு மில்லுல குடுத்த நஷ்டஈட்டுலேருந்தே அவங்ககிட்டத் திருப்பிக் குடுத்தா. நான் குடுத்தது என் பேரை மட்டும்தான்."

மனைவிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இவ்வளவும் செஞ்சவரைத்தான் நடுத்தெருவுல அந்தக் கேள்வி கேட்டாளா? நன்றிகெட்டவ!"

"மாட்டேன்னுதான் அழுதா. நான்தான் வந்து திட்டச் சொன்னேன். ஊரே திட்டும்போது அவ மட்டும் சும்மா இருந்தா, நாளைக்கு அவ மில்லு வாசல்ல வேலைக்கு நுழையறப்ப, பணம் அவளோடதுன்னு ஊருக்குப் புரிஞ்சுடும்ல?"