மூன்றாவது பாட்டு

எஸ்கோ ஃபின்லாந்தின் மெட்டல் ராக் இசைக்குழுக்களில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறான். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் கிதார்காரன் அவனிடம் முதலில் சொல்வது "சத்தத்தைக் குறை" என்பதுதான். இப்போதைய குழுவின் கிதார்காரன் லாசே ஒத்திகைதோறும் அதையே சொன்னான். தம்பெரே நகரத்து இசைவிழாவில் எஸ்கோவுக்கு வெறுத்துப்போயிற்று. மூன்றாவது பாட்டு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் தலைமுடியைச் சுழற்றி ஆடிக்கொண்டேயிருந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கச்சேரி முடிந்ததும் லாசே வியர்வையைத் துடைத்தபடி வந்தான்.

"அந்த மூணாவது பாட்டுல உன் கீபோர்டு காதைக் கிழிச்சிருச்சுப்பா. கொஞ்சம் குறைச்சுக்கயேன்."

எஸ்கோ இந்தப் பிழைப்பே இனி வேண்டாம் என்று வயர்களைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினான். அதற்குள் பாடகி ஹில்கா விறுவிறுவென்று வந்து அவன் முன்னால் நின்றாள்.

"மூணாவது பாட்டுல நீ வாசிக்கவே இல்ல. சுருதி கிடைக்காம நான் தத்தளிச்சுப் போயிட்டேன். உனக்கென்ன பைத்தியமா?"

கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எஸ்கோ வயரைக் கீழே போட்டான்.

"இன்னொரு தடவை திட்டு" என்றான்.