கீழ்வரிசையில் மூன்றாவது ஆள்

"பேனர் டிசைனுக்கு லேப்டாப் வேணும். பட்ஜெட் நாப்பதாயிரம்" என்றாள் ஜோதிகா.

அம்பத்தூர் கடையின் விற்பனையாளன் கிருபாகரன் அவள் கணவனைப் பார்த்துப் பதில் சொன்னான். "டிசைனிங்னா ஐ-7 பிராசசர் போட்ட லேப்டாப் எடுத்துக்குங்க சார்."

"அது நாலு வருஷப் பழசு. பக்கத்துல கீற புது ஐ-5 அத விட வேகம். வெலையும் கம்மி" என்றாள் ஜோதிகா.

"நம்பர் பெருசா இருந்தாதான் சார் வேகம்" என்று மறுபடியும் கணவனிடமே சொன்னான். "வாசல்ல எங்க கடை பேனர் பாத்தீங்கல்ல? நாப்பது பேர் மூஞ்சி, கீழ் வரிசைல மூணாவதா நான் கீறேன். அந்த மாதிரி வேலையெல்லாம் ஐ-7 இல்லாம ஆவாது."

ஜோதிகா பென் டிரைவை நீட்டினாள். "டெமோவுக்கு போட்டோஷாப் போட்டு வெச்சிருக்கீங்கல்ல? இந்த ஃபைல ரெண்டுலயும் தொற."

ஐ-7 திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐ-5 சட்டென்று திறந்துகொண்டது. திரையில் வாசல் பேனர். கீழ்வரிசையில் மூன்றாவதாகக் கிருபாகரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சார், இது நீங்க செஞ்சதா?"

"நான் மண்ணூர்பேட்டைல வெல்டர்ப்பா" என்றான் கணவன்.

"பேனர் அடிக்கிற ஃபிளெக்ஸ் கடைலேர்ந்து எனக்கு வந்த போட்டோல நீ கண்ண மூடிகினு இருந்தே" என்றாள் ஜோதிகா. "உன் ஓனர் கண்ண எடுத்து ஒட்டுனேன். என் பழைய ஐ-3 லேப்டாப்லதான். இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபுடிக்கல."

கிருபாகரன் திரையில் தன் கண்ணையே உற்றுப் பார்த்தான். பிறகு ஐ-5-ஐ மெதுவாக அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"பில்லு உங்க பேர்லதானே மேடம்?"